11.45 திரும்பப் போடணும்

மார்ச் 27

அக்காவுக்கு,

பதினொன்று நாற்பத்திரண்டு. தகவல் எனக்கு வந்த நேரம் அதுதான். கட்டுப்பாட்டு அறைக் கதவுக்கு மேலே இருக்கும் கடிகாரத்தில் பார்த்தேன். கண்காணிப்பாளர் உள்ளே வந்து என் தோளில் கை வைத்தார். அவர் யார் தோளிலும் கை வைக்கிற ஆள் இல்லை. அதனால் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். ஒரு இயந்திரம் நின்றுபோனால் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்வது எங்கள் தொழில் பழக்கம். பள்ளிக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உங்கள் தங்கை போய்விட்டாள் என்றார். நான் "சரி" என்றேன். சரி என்று சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிப்பார்கள். நான் தாமதமாகக் கேட்கிறேன். உங்களுக்கும் அண்ணனுக்கும் சுண்டுவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? நான் சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். நேற்று வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

அன்று நீங்கள் ஆபீஸ் நம்பருக்கு அடிக்க வேண்டி வந்ததற்குக் காரணம், தேர்வு நடக்கும்போது கட்டுப்பாட்டு அறைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். வெளியே வந்து திறந்தபோது அவள் அடித்த அழைப்புகள் ஒன்பது இருந்தன. முதலாவது 10.31. கடைசி 11.04. தலை வலிக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாள்.

அன்றிலிருந்து போனை அணைப்பதில்லை. சார்ஜில் போட்டு மேஜைமேல் வைத்திருக்கிறேன். அடிக்கிறது. ஒன்பது தடவை அடித்தவளுக்கு எடுக்காத போனை மற்றவர்களுக்கு எடுக்கக் கை வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதுங்கள். கடிதம் என்றால் படித்துவிடுவேன்.

ஒரு சின்ன விஷயம். அன்று போட்டிருந்த நீலச் சட்டையை உங்கள் வீட்டில் விட்டுவிட்டேன். துவைக்க வேண்டாம். அப்படியே ஒரு பையில் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்


ஏப்ரல் 4

தம்பிக்கு அக்கா எழுதறது. எனக்கு உங்க மாதிரி எழுத்துத் தமிழ் வராது. பேசற மாதிரியே எழுதறேன், பொறுத்துக்குங்க.

நாங்க இருக்கோம். சுண்டுவுக்கு ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சுது, இப்போ பரவாயில்ல. உங்க அண்ணன் லாரியோட போயிருக்கார், வர பத்து நாள் ஆகும். நீங்க சாப்பிடறேன், தூங்கறேன்னு ரெண்டே வார்த்தை எழுதியிருக்கீங்க. ஒரு யூனிபார்ம் தைக்கவே நான் அதைவிட நிறைய அளவு எடுக்கறேன். என்ன சாப்பிடறீங்க, எத்தனை மணிக்குப் படுக்கறீங்கன்னு விவரமா எழுதுங்க.

சட்டையை உங்க கடிதம் வர்றதுக்கு முந்தியே துவைச்சுத் தேய்ச்சு மடிச்சு வச்சிட்டேன். அழுக்குத் துணியைப் பாத்தா என் கை சும்மா இருக்காது. ரெண்டாவது பொத்தான் தளர்ந்திருந்துச்சு, அதையும் இறுக்கிட்டேன்.

அவ இருந்த மாடி ரூம் அப்படியே இருக்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்க பஸ் இறங்கி வர்ற நேரத்துக்கு அவ ஜன்னலைத் திறந்து வைப்பா இல்லையா, இப்போ சுண்டு போய்த் திறக்கறா.

ஸ்கூல்லேருந்து அவ கைப்பையைக் குடுத்துட்டுப் போனாங்க. கனமா இருக்கு. திறக்க மனசு வரல. தையல் மெஷினுக்குக் கீழே வச்சிருக்கேன். ஹெச்.எம். அம்மா சொன்னாங்க, பிள்ளைங்க இன்னும் அவளை 'ஸ்டெப் டீச்சர்'னுதான் பேசிக்குதாம். போர்டுல புதுசா வந்தவர் விடையை மட்டும் எழுதினாராம். பின்பெஞ்சுலேருந்து ஒருத்தன், "சார், ஸ்டெப்பு?"ன்னானாம். அந்த மனுஷன் சாக்பீஸைக் கீழே வச்சிட்டு வெளியே போயிட்டாராம்.

சுண்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கா. கணக்குல பாஸ் ஆனா கட்டட வரைபட டிப்ளமாவுல சேந்துடலாம். ஃபெயில்னா மறுபடியும் ஒரு வருஷம் அதே பெஞ்சுதான், நடுவுல இன்னொரு பரீட்சை கிடையாதாம். அவ சித்தி சொல்லிக்குடுத்த கணக்கு, போயிடாதுன்னு நம்பறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

சுண்டுவின் காய்ச்சல் முழுதாக விட்டதா? விவரம் கேட்டிருந்தீர்கள். காலையில் பிரெட். மதியம் ஆபீஸில் கிடைப்பது. மாலையில் மறுபடியும் பிரெட். பத்து மணிக்குப் படுக்கிறேன். இதற்குமேல் அளவு எடுக்க என்னிடம் துணி இல்லை.

சுண்டுவின் கணக்கைப் பற்றி நீங்கள் எழுதியதும் போன வருடம் ஞாபகம் வந்தது. கணக்குத் தேர்வைக் கம்ப்யூட்டரில் நடத்துவது என்று முடிவானபோது, நான் எழுதிய ப்ரோக்ராமில் விடைக்கு மட்டும்தான் இடம் இருந்தது. சரி என்றால் ஐந்து, தப்பு என்றால் பூஜ்யம். உங்கள் வீட்டு மாடியில்தான் அவளிடம் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியோடு வந்து நின்றாள்.

"கடைசி வரியில கழிச்சது தப்பாப் போச்சுன்னா முட்டையா? அதுக்கு முன்னாடி அஞ்சு வரி பிள்ளை யோசிச்சாளே, அது எங்க போச்சு?"

கம்ப்யூட்டருக்கு யோசனையைத் திருத்தத் தெரியாது என்றேன்.

"திருத்த நாங்க இருக்கோம். நீ பத்திரமா கொண்டாந்து குடு. போஸ்ட்மேன் வேலைதான் உனக்கு, மாஜிஸ்ட்ரேட் வேலை இல்ல."

அப்படி வந்ததுதான் செய்முறைக் கட்டம். விடைக்கு இரண்டு மார்க், செய்முறைக்கு மூன்று. முதலில் சேமிப்பதற்கு ஒரு பொத்தான் வைத்திருந்தேன். பரபரப்பில் பிள்ளைகள் அழுத்த மறந்துவிடுவார்கள் என்று அதையும் எடுக்கச் சொன்னாள். ஆகவே பிள்ளை தட்டத் தட்ட ஐந்து நொடிக்கு ஒரு முறை தானாகவே சர்வருக்கு வந்து சேரும். சேர்ந்துவிட்டால் கட்டத்தின் ஓரத்தில் பச்சை டிக் விழும். மூன்று மாதம் சனி, ஞாயிறு எல்லாம் அவள்தான் மக்குப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து தட்டிப் பார்த்தாள். "பாரு, இப்போ அழுதுக்கிட்டே தட்டறேன், உன் மெஷின் தாங்குதான்னு பாக்கலாம்" என்பாள். தாங்கியது.

மேனேஜர் அது வேண்டாத சுமை என்றார். அவளிடம் சொன்னேன். "உன் மேனேஜர் எந்த வருஷம் கணக்குல ஃபெயிலானார்னு கேளு" என்றாள்.

சட்டைப்பையில் ஏதாவது இருந்ததா?

இப்படிக்கு,
தம்பி


மே 9

தம்பிக்கு,

நாங்க நல்லா இருக்கோம்னு எழுதினா அது பொய். ரிசல்ட் வந்து மூணு நாள் ஆச்சு. நாலு தடவை போன் பண்ணேன். அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போச்சு.

சுண்டு கணக்குல முப்பத்தொண்ணு. நாலு மார்க்குல போச்சு. மத்த எல்லாத்துலயும் அறுபதுக்கு மேல. அவ அழக்கூட இல்ல. சித்தி ரூமுக்குப் போய் ஜன்னலைச் சாத்திட்டு வந்தா.

உங்க ஆபீஸ்காரங்க செய்தித்தாள்ல என்னமோ அறிக்கை குடுத்திருக்காங்க. சின்ன ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் பத்தாதாம். செய்முறையைத் தட்டாம விடையை மட்டும் தட்டிட்டுப் போயிட்டாங்களாம். முதல் கேள்விக்குப் பிறகு செய்முறைக் கட்டம் எல்லாம் காலியா இருக்காம். சுண்டு அதைப் படிச்சிட்டு, "நான் தட்டினேம்மா, விரல் வலிக்கத் தட்டினேன்"னா. ஒரே ஒரு தடவைதான் சொன்னா.

அவ கிளாஸ்ல முப்பத்தெட்டுப் பேர்ல இருபத்துமூணு பேர் ஃபெயில். பெத்தவங்க எல்லாம் ஸ்கூல் வாசல்ல நின்னாங்க. ஒரு அம்மா என் காதுபடவே சொல்லுது, "பேருதான் ஸ்டெப் டீச்சரு, ஒரு பிள்ளைக்கும் ஸ்டெப் தட்டச் சொல்லிக்குடுக்கல"ன்னு. ஹெச்.எம். அம்மாகிட்ட விளக்கம் கேட்டு மேலிருந்து கடிதம் வந்திருக்காம். அவங்க என்ன எழுதுவாங்க? இறந்தவ மேல போட்டா இருக்கறவங்க எல்லாம் தப்பிச்சுக்கலாம். செத்தவ வந்தா பதில் சொல்லப் போறா?

தம்பி, நீங்கதானே அந்த ப்ரோக்ராமை எழுதினது. உங்களால பாத்துச் சொல்ல முடியாதா, எங்க தப்புன்னு?

ஜூன் கடைசியோட டிப்ளமா சேர்க்கை முடியுது. உடம்பைப் பாத்துக்குங்க.

அக்கா


மே 21

தம்பிக்கு,

பதில் இல்ல. கடிதம் கிடைச்சுதா இல்லையான்னு மட்டுமாவது எழுதுங்க. உங்க உடம்புக்கு ஏதாவதுன்னு பயமா இருக்கு. சுண்டு மூணு நாளா ஒரு கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டிருக்கா.

அக்கா


மே 25

அக்காவுக்கு,

கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. உடம்புக்கு ஒன்றுமில்லை.

சுண்டுவின் மதிப்பெண்ணைப் பார்த்தேன். விதிப்படி விடைகள் எல்லாம் சரியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. செய்முறைக் கட்டங்கள் காலியாக வந்திருக்கின்றன. சர்வரில் இல்லாத ஒன்றைத் திருத்துபவர்கள் திருத்த முடியாது. இந்த நிலையில் என்னால் வேறு எதுவும் சொல்ல இயலவில்லை.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரச் சொன்னார். எனக்கு எந்த வீடு என்று கேட்கத் தோன்றியது. கிளம்பும்போது சொன்னார்:

"தம்பி, அன்னைக்கு நீ எந்த நிலைமையில எழுந்து போனேன்னு எல்லாருக்கும் தெரியும். அதை மதிச்சுத்தான் நாங்க அந்தப் பேச்சையே எடுக்கல. நீயும் எடுக்காதே."

நான் "சரி" என்றேன்.

அண்ணன் ஊரில் இருக்கிறாரா? முதுகுவலிக்கு மருந்து வாங்கித் தரச் சொல்லியிருந்தார். அடுத்த முறை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தம்பி


ஜூன் 1

சித்தப்பாவுக்கு,

சுண்டு எழுதறேன். அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு உடம்பு நல்லா இருக்கு. நீங்க எப்படி இருக்கீங்க?

உங்க கடிதத்தை அம்மா டப்பாவுல போட்டு வச்சிருந்தாங்க. எடுத்துப் படிச்சேன். மன்னிச்சிடுங்க. 'காலியாக வந்திருக்கின்றன'ன்னு எழுதியிருக்கீங்க. காலியா வந்திருக்கலாம் சித்தப்பா, ஆனா காலியா போகல.

அன்னைக்கு நடந்ததை யாரும் என்கிட்ட கேக்கல. அதனால எழுதறேன். ரெண்டாவது கேள்வி போடும்போது பச்சை டிக் விழல. பக்கத்துல இருந்தவளுக்கும் விழல. சித்தி ஹாலைச் சுத்தி வந்து ஒவ்வொரு ஸ்க்ரீனா பாத்தாங்க. காலையிலேருந்தே அவங்களுக்குத் தலைவலி. ஒரு கண்ணை மூடிக்கிட்டேதான் பாத்தாங்க. உதவி நம்பருக்கு அடிச்சா லைன் கிடைக்கலன்னாங்க. சூப்பர்வைசருங்க போன் எல்லாம் கீழே ஹெச்.எம். ரூம்ல இருக்கும். அதனால கீழே இறங்கிப் போய் உங்களுக்கு அடிச்சாங்க. மேலே வந்தாங்க. மறுபடி போனாங்க. எத்தனை தடவைன்னு நான் எண்ணல. ஒரு தடவை கதவுகிட்ட நின்னு, "லாக்கர்ல வச்சிருப்பார், ஆனா இதை அவராலதான் சரி பண்ண முடியும்"னாங்க. ஒரு தடவை வெளியே போய் வாந்தி எடுத்தாங்க. ஹெச்.எம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. "டிக் விழட்டும், போறேன்"னாங்க.

நடுவுலயே எங்க எல்லார்கிட்டயும், தட்டறதை ரஃப் பேப்பர்லயும் எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்னாங்க. வரிசையா ஒவ்வொரு சீட்டா வந்து, பேப்பர்ல நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. முப்பத்துமூணு பேருக்குப் போட்டுட்டாங்க. நான் முப்பத்துநாலு. என் டேபிளுக்கு வந்தப்போதான் பேனா கீழே விழுந்துச்சு. நான் குனிஞ்சு எடுத்தேன். நிமிர்ந்தப்போ சித்தி தரையில இருந்தாங்க.

பரீட்சையை நிறுத்தல. வேற ஒரு சார் வந்து நின்னார். முடிஞ்சதும் ரஃப் பேப்பரை எல்லாம் கிழிக்கற பெட்டியில போடணும், அதுதான் விதி. சித்தி பை மேஜைமேலயே இருந்துச்சு. முதல்ல போனவன் அதுல போட்டான். அவன் பின்னாடி எல்லாரும் அதுலயே போட்டோம். யாரும் யாருக்கும் சொல்லல. அந்த சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார்.

ரிசல்ட் வந்த அன்னைக்கு அம்மா பையைத் திறந்துட்டாங்க.

நான் கடைசி வரியில கழிச்சது தப்பு சித்தப்பா. அது என் தப்புதான். ஆனா ஸ்டெப்பு சரி.

சுண்டு


ஜூன் 6

தம்பிக்கு,

உங்க அண்ணன் ஊர்லதான் இருக்கார். முதுகு அப்படியேதான் இருக்கு.

சுண்டு உங்களுக்கு எழுதினதை நேத்து சொல்லிட்டா. அதனால இனிமே நான் மூடி வைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இதோட ஒரு சீட்டு வச்சிருக்கேன். துணி துவைக்கறதுக்கு முன்னாடி பையைத் தடவிப் பாக்காத தையல்காரி உண்டா? உங்க நீலச் சட்டையில இருந்துச்சு. '10.22 நிறுத்தியது. மூணாம் சர்வர். 11.45 திரும்பப் போடணும்.' உங்க கையெழுத்து. ஏதோ ஆபீஸ் சமாச்சாரம்னு மெஷின் டிராயர்ல போட்டேன். பையில ஏதாவது இருந்துச்சான்னு நீங்க கேட்டு எழுதினீங்க பாருங்க, அப்பதான் எனக்கு உறுத்துச்சு. துவைக்க வேணாம்னவர், அதை மட்டும் தனியா ஒரு வரி போட்டுக் கேக்கறாரேன்னு. ரிசல்ட் வந்து, அவ பையைத் திறந்து, அந்தப் பேப்பர்ல எல்லாம் 10.40, 10.52, 11.06ன்னு அவ போட்ட நேரத்தைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. நான் எட்டாவதுதான் படிச்சேன். ஆனா 10.22க்கு அப்புறம் என்ன வரும்னு தெரியும்.

ஏன் சொல்லலன்னா, ரஃப் பேப்பர் வெளியே வந்தா விதியை மீறினவன்னு அவ பேரு கெடும். சீட்டு வெளியே வந்தா நீங்க போயிடுவீங்க. ரெண்டு பேரையும் காப்பாத்தணும்னு பாத்தேன். நடுவுல என் பொண்ணு நிக்கறா. அவ பேப்பர்ல கையெழுத்தும் இல்ல.

இந்தச் சீட்டை நான் எங்கேயும் குடுக்கல. வேற பிரதியும் இல்ல. கிழிச்சுப் போடறதும் வச்சுக்கறதும் உங்க இஷ்டம்.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதியில்லை. நேராக எழுதுகிறேன்.

அன்று 10.20க்கு மூன்றாவது சர்வர் திணறியது. அறுபத்தொரு பள்ளிக்கூடங்கள் அதில் இருந்தன. உங்கள் ஊரும் ஒன்று. விட்டிருந்தால் மொத்தமாக நின்று, விடைகளும் போயிருக்கும். விடைகளை மட்டும் வாங்கிக்கொள், செய்முறையை அப்புறம் பார்க்கலாம் என்று 10.22க்கு ஒரு பகுதியை நிறுத்தினேன். அது தப்பில்லை. பிள்ளைகள் தட்டியது அவரவர் கம்ப்யூட்டரிலேயே தங்கியிருக்கும். பாரம் குறைந்ததும் திரும்பப் போட்டால் எல்லாம் ஒரே மூச்சில் வந்து சேரும். தேர்வு முடிவது 12.30. நான் 11.45 என்று குறித்தேன். தற்காலிகமாக எதை நிறுத்தினாலும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். திரும்பப் போட்டதும் கிழித்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. இதற்காக அவளிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறேன்.

11.42க்குத் தகவல் வந்தது. மூன்று நிமிஷம். நான் எழுந்து போய்விட்டேன். சீட்டும் என்னோடு பஸ்ஸில் ஆறு மணி நேரம் வந்தது. 12.30க்குப் பிள்ளைகள் முடித்ததும் கம்ப்யூட்டர்கள் தம்மைத் துடைத்துக்கொண்டன. அப்படித் துடைக்க எழுதியதும் நான்தான்.

எப்போது ஞாபகம் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது. மணி ஆறு. அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பா பின்பா என்றால், முன்பு. அதனால் அவளைப் பார்த்தபோது நான் அவளை மட்டும் பார்க்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் தலைவலிக்காகத்தான் கூப்பிட்டாள் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சுண்டு எழுதிய பிறகுதான் தெரிந்தது. போன் என் கையில் இருந்திருந்தால் "பயப்படாதே, பதினொண்ணே முக்காலுக்கு வந்துடும்" என்று ஒரு வரி சொல்லியிருப்பேன். அவள் உட்கார்ந்திருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார் என்று நீங்கள் இதுவரை எனக்கு எழுதவில்லை. எழுதுங்கள்.

நான் நிறுத்தியது சர்வரின் பதிவேட்டில் இருக்கிறது. மேனேஜருக்குத் தெரியும். அந்தப் பதிவேடு தொண்ணூறு நாளில் தானாக அழியும். ஜூன் 17.

தம்பி


ஜூன் 13

தம்பிக்கு,

கேட்டீங்க. சொல்றேன். முதல் வாந்தி எடுத்தப்பவே கூட்டிட்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னார்.

உங்க மேல கோவம் இல்லன்னு எழுத உக்காந்தேன். மூணு தடவை எழுதி மூணு தடவை அடிச்சேன். கை வரல. வந்தா எழுதறேன். அதுக்காக நீங்க காத்திருக்க வேணாம்.

அவ பேரு கெட்டாலும் பரவாயில்ல. அவளே விதியை மீறித்தானே கையெழுத்துப் போட்டா. முப்பத்தெட்டுப் பேப்பரையும் ரெஜிஸ்டர் தபால்ல உங்களுக்கு அனுப்பியிருக்கேன். சுண்டுவோடது கடைசிக்கு முன்னாடி நாலாவது இருக்கும்.

சாப்பிடுங்க.

அக்கா


ஜூன் 16

அக்காவுக்கு,

பேப்பர்கள் நேற்று வந்து சேர்ந்தன. சுண்டுவின் பேப்பரில் இடது மூலையில் பேனா விழுந்த புள்ளி இருக்கிறது. கையெழுத்து இல்லை. பதினேழிலிருந்து ஒன்பதைக் கழித்து ஆறு என்று போட்டிருக்கிறாள். மற்றதெல்லாம் சரி.

இன்று காலை தேர்வு வாரியத்துக்குப் போனேன். சீட்டு, பதிவேட்டின் நகல், உங்கள் முப்பத்தெட்டு. மூன்றையும் மேஜைமேல் வைத்தேன். தேர்வு அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சீட்டைப் படித்தார். அது என் கையெழுத்துதானா என்றார். ஆமாம், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஒரு வரி போதாதுங்க. எப்படி நடந்துச்சுன்னு வரிசையா எழுதுங்க" என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். ஏழு வரி வந்தது. 10.20இலிருந்து 12.30 வரை. மேனேஜர் என்னிடம் சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன். அந்த அம்மா ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தார். பதிவேடு அழியாமல் இருக்க அங்கிருந்தே உத்தரவு போனது.

அறுபத்தொரு பள்ளிக்கும் மறுதேர்வு வைக்கச் சொல்லி எழுதுவதாகச் சொன்னார். நடக்குமா என்று தெரியாது. நடந்தாலும் டிப்ளமா சேர்க்கைக்கு முன்பு நடக்குமா என்பதும் தெரியாது. சுண்டுவிடம் நடக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். ரஃப் பேப்பர்களைப் பற்றித் தனியாக விசாரணை வரும். அதில் உங்கள் தங்கையின் பெயர் இருக்கும். செய்தித்தாளில் வந்த அறிக்கையைத் திரும்பப் பெறச் சொல்கிறேன் என்றார், அதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். பள்ளி வாசலில் உங்கள் காதுபடப் பேசிய அம்மாவுக்குக் காட்ட இதோடு வைத்திருக்கிறேன்.

என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அடுத்து என்ன என்று இன்னும் சொல்லவில்லை. ஊரை விட்டுப் போகக் கூடாதாம். அதனால் சனிக்கிழமை வர மாட்டேன். சுண்டுவிடம் அந்த ஜன்னலை மறுபடி திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீலச் சட்டையை அண்ணனுக்குக் கொடுத்துவிடுங்கள். அவருக்குச் சரியாக இருக்கும்.

நீங்கள் எழுத வராத அந்த வரியை எழுதவே வேண்டாம், அக்கா.

மூன்று மணியிலிருந்து மேனேஜர் போன் அடித்துக்கொண்டிருக்கிறார். மேஜைமேல் அது நடுங்கி நடுங்கி ஓரத்துக்கு வந்துவிட்டது. இதுவரை எட்டு அழைப்பு. ஒன்பதாவது வர வேண்டாம் என்று போனை அணைத்துவிட்டேன்.